அழைப்பிதழ் இல்லாத அரங்குகள்

மட்டக்களப்பில் நடைபெறவிருக்கும் இசை நிகழ்ச்சிகள், கவியரங்குகள், கூத்து ஆற்றுகைகள் பற்றிய அறிவித்தல்கள் இப்போதும் என்னிடம் வந்து சேர்கின்றன. முன்பு அவை தபாலில் வந்தன. பிறகு மின்னஞ்சலில் வந்தன. இன்று கைத்தொலைபேசியில் வருகின்றன. வரும் வழி மாறினாலும் வாசகம் மாறவில்லை. மண்டபத்தின் பெயர், மாலை எத்தனை மணி, தலைமை வகிப்பவர், பிரதம அதிதி, சிறப்பு அதிதிகள், ஆசியுரை, வாழ்த்துரை, அவற்றுக்கெல்லாம் கீழே சிறிய எழுத்தில் கலைஞர்களின் பெயர், கடைசி வரியில் 'அனைவரும் வருக'.

பத்திரிகையில் சேர்ந்த புதிதில் எனக்குத் தரப்பட்ட வேலைகளுள் ஒன்று, இத்தகைய அறிவித்தல்களை நான்கு வரிகளுக்குள் சுருக்கி நிகழ்வுப் பத்தியில் போடுவது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இவற்றை வாசித்து வந்தவன் என்ற முறையில் ஒரு கேள்வி எனக்குள் நெடுநாளாக இருந்து வருகிறது. 'அனைவரும்' என்பவர் யார்? தேவநாயகம் மண்டபத்திலோ மாநகர மண்டபத்திலோ முன்வரிசை கதிரைகளில் இருப்போரை நானும் அறிவேன், வாசகர்களும் அறிவர். பின்வரிசைகள் ஏன் வெறுமையாகக் கிடக்கின்றன என்று விழா முடிந்தபின் ஏற்பாட்டாளர்கள் வருந்துவதையும் அறிவோம். சனங்களுக்குக் கலையில் ஈடுபாடு குறைந்துவிட்டது என்று அவர்கள் முடிவு சொல்வார்கள். தொலைக்காட்சியைக் குறை சொன்ன காலம் போய் இப்போது கைத்தொலைபேசியைக் குறை சொல்கிறார்கள்.

இந்த முடிவு சரியானதுதானா என்று பார்க்க, மட்டக்களப்பு வாவிக் கரையில் வாழ்ந்த மக்கள் கேட்பதற்கும் பார்ப்பதற்கும் எப்படிக் கூடினார்கள் என்ற வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது. அழைப்பிதழ் இல்லாமலே ஊர் திரண்ட காலம் ஒன்று இருந்தது. அது எப்படி இயன்றது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இரு கரைகள்

என் ஊர் குருக்கள்மடம். மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை வீதியில் தெற்கே சென்றால் காத்தான்குடி, ஆரையம்பதி, தாளங்குடா, புதுக்குடியிருப்பு, கிரான்குளம் ஆகிய ஊர்களுக்கு அப்பால் வருவது. கிழக்கே கடல், மேற்கே வாவி; இடையில் நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணற்றரை. சூரியன் எழும் பக்கமாகையால் இக்கரைக்கு எழுவான்கரை என்று பெயர். வாவிக்கு அப்பால் சூரியன் படும் பக்கம் படுவான்கரை. வயல்கள் பெரும்பாலும் அங்கே; தென்னந்தோட்டங்களும் கடற்றொழிலும் பாடசாலைகளும் அலுவலகங்களும் பெரும்பாலும் இங்கே. இரு கரைகளும் ஒன்றையொன்று நம்பியே வாழ்ந்தன.

குருக்கள்மடத்துத் துறைக்கு நேர் எதிரே அக்கரையில் அம்பிளாந்துறை. ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக் கடக்கும் மிதவையை எங்கள் பக்கத்தில் 'பாதை' என்றே சொல்வார்கள். பகலில் நெல்லும் விறகும் தயிர்ச்சட்டியும் பாதையில் வந்தன. இரவில் வந்தது ஒலி. வேளாண்மை வெட்டு முடிந்து சூடு மிதித்து நெல் வீடு சேர்ந்தபின், காற்று மேற்கிலிருந்து அடிக்கும் இரவுகளில் அக்கரை மத்தளச் சத்தம் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு வரும். எந்த ஊரில் கூத்துப் பழகுகிறார்கள் என்பதைப் பெரியவர்கள் அந்த ஒலியை வைத்தே சொல்லிவிடுவார்கள். எங்கள் தலைமுறை அறிந்த முதல் அறிவித்தல் அதுதான்.

கூத்து அவையை உண்டாக்கிய விதம்

மட்டக்களப்புக் கூத்து வடமோடி, தென்மோடி என இரு வகைப்படும். பாரத, இராமாயணப் போர்க்கதைகள் பெரும்பாலும் வடமோடியில் ஆடப்பட்டன. அதில் ஆட்டம் வேகமானது. உடுப்பும் முடியும் பாரமானவை. தென்மோடியில் இசை நுட்பம் கூடுதல், கதைகளும் வேறு. இவ்விரண்டின் இலக்கணத்தைப் பேராசிரியர் சி. மௌனகுரு விரிவாக ஆராய்ந்திருக்கிறார். 1998இல் வெளிவந்த அவருடைய 'மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்' என்ற நூலை இத்துறையில் ஈடுபாடுள்ளோர் தேடி வாசிக்கவேண்டும். நான் இங்கே சொல்ல விரும்புவது கூத்தின் இலக்கணத்தை அன்று. ஒரு கூத்து தனக்குரிய அவையை எவ்வாறு படிப்படியாக உண்டாக்கிக்கொண்டது என்பதை.

ஊர்ப் பெரியவர்கள் கூடி, இந்த வருடம் இன்ன கூத்து என்று தீர்மானிப்பார்கள். அண்ணாவியாரை அழைப்பார்கள். நல்ல நாள் பார்த்துச் சட்டம் கொடுப்பார்கள். சட்டம் என்பது ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உரிய பாடலும் வசனமும் எழுதிய பிரதி. யாருக்கு எந்தப் பாத்திரம் என்பதில் ஊருக்குள் ஒரு வழக்கே நடக்கும். குரல், உயரம், குடும்பப் பெருமை, பழைய கோபதாபம் எல்லாம் அந்தப் பங்கீட்டில் எடைபோடப்படும். பிறகு இரவிரவாகப் பழக்கம். ஆட்டம் ஓரளவு படிந்தபின் சதங்கை அணிதல் ஒரு சடங்காக நடக்கும். அதற்கு ஊர் கூடும். அதன்பின் கிழமைக் கூத்து. வாரத்துக்கு ஒருமுறை ஊரார் முன்னிலையில் ஆடிப் பார்ப்பது. அடுத்து அடுக்குப் பார்த்தல். முழுக் கூத்தையும் தொடக்கம் முதல் முடிவு வரை தொடர்ச்சியாக ஆடுவது. இத்தனையும் கடந்த பின்னரே அரங்கேற்றம். அதற்குப் பிறகும் கூத்து முடிவதில்லை. வீட்டுக்கு வீடு சென்று ஆடுவார்கள். வீட்டார் தம்மால் இயன்றதைக் கொடுப்பார்கள்.

இந்த வரிசையைச் சற்று நிதானமாகப் பாருங்கள். அரங்கேற்ற இரவில் களரியைச் சுற்றி அமர்ந்திருக்கும் ஒருவர், அந்தக் கூத்தை அதற்கு முன் மாதக்கணக்கில் துண்டுதுண்டாகக் கேட்டவர். கர்ணனாக வருபவன் அவருடைய மருமகன். தருமனின் முதற்பாட்டில் அவன் எந்த இடத்தில் தடுக்கி விழுவான் என்பதுகூட அவருக்குத் தெரியும். அந்த இடம் வரும்போது அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார். அவன் தடுக்காமல் தாண்டிவிட்டால் களரி முழுவதும் ஒரு ஆரவாரம் எழும். வெளியூரிலிருந்து வந்தவனுக்கு அந்த ஆரவாரத்தின் காரணம் புரியாது.

களரியின் அமைப்பும் இதற்கு ஏற்றதே. வட்டமான, சற்றே உயர்த்திய மண்மேடை. நடுவில் மத்தளத்துடன் அண்ணாவியார், பக்கத்தில் சல்லரிக்காரர், ஏடு பார்த்துப் பாட்டெடுத்துக் கொடுப்பவர், பிற்பாட்டுக்காரர். கூத்தர் அவர்களைச் சுற்றி ஆடுவர். நாற்புறமும் சனம். ஒரு பக்கத்தவர் மறுபக்கத்தவரின் முகத்தை விளக்கொளியில் பார்த்துக்கொண்டே கூத்தையும் பார்ப்பர். இரவு சாப்பிட்டுவிட்டுப் பாயும் தலையணையுமாக வந்து, நடுவில் குழந்தைகள் உறங்க, விடியற்காலையில் மங்களம் பாடும்வரை இருந்தார்கள். தேநீர்க்கடையும் கடலைக்காரியும் இல்லாத களரி கிடையாது. இதில் பிரதம அதிதிக்கு இடம் எங்கே?

கூத்து மட்டுமன்று. வைகாசி மாதத்தில் கண்ணகை அம்மன் கோயில்களின் கதவு திறக்கும். ஆண்டில் மற்றைய நாள்களெல்லாம் பூட்டிக் கிடக்கும் கோயில்கள் அவற்றுள் பல. அங்கே கண்ணகி வழக்குரை காதை இரவுகளில் தொடர்ந்து பாடப்படும். குளிர்த்தியோடு சடங்கு நிறைவெய்தும். அந்த ஏடுகளை ஒப்புநோக்கிப் பண்டிதர் வி. சீ. கந்தையா 1968இல் 'கண்ணகி வழக்குரை' என்று பதிப்பித்தார். அதற்கு முன் 1964இல் வெளிவந்த அவருடைய 'மட்டக்களப்புத் தமிழகம்' இன்றும் எங்கள் மாவட்டத்தைப் பற்றி எழுத வருவோர் முதலில் திறக்கும் நூல். வசந்தன் பாடல்களை த. சதாசிவ ஐயர் 1940இலேயே 'மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு' என அச்சேற்றினார். கொம்பு முறி விளையாட்டில் வடசேரி, தென்சேரி என ஊர் இரண்டாகப் பிரிந்து ஒருவரையொருவர் வசைக்கவியால் விளாசிக்கொண்டதும், விளையாட்டு முடிந்தபின் ஒன்றாகக் கோயிலுக்குப் போனதும் பழைய கதை. பாட்டும் பேச்சும் ஊரின் வழக்கு வம்புகளைத் தீர்த்துக்கொள்ளும் வழியாகவும் இருந்தன.

எல்லோருக்குமான களரியா அது?

பழையதைப் புகழ்ந்துகொண்டே போனால் அது வரலாறாகாது. களரியைச் சுற்றி எல்லோரும் இருந்தார்கள் என்று மேலே எழுதினேன். எல்லோரும் ஒரே இடத்தில் இருக்கவில்லை. சாதிக்கு ஓர் இடம் இருந்தது. பறைமேளம் அடித்தவர்களின் கலை கோயிலுக்கும் மரணவீட்டுக்கும் தேவைப்பட்டது. ஆனால் அவர்களோடு சமமாக அமர ஊர் ஆயத்தமாக இருக்கவில்லை. கூத்துப் பாத்திரங்களின் பங்கீட்டிலும் குலப்பெருமை பேசியது. பெண்கள் பார்வையாளராக இருந்தார்களே தவிர ஆடியவர் அல்லர். பாஞ்சாலியும் சீதையும் மீசை மழித்த ஆண்களே. எத்தனையோ தாய்மார், கூத்துப் பாட்டு முழுவதையும் மனப்பாடமாக வைத்திருந்து நெல்லுக் குத்தும்போது பாடினார்கள். சட்டம் அவர்கள் கைக்கு ஒருநாளும் வரவில்லை.

எனவே கூத்தை மண்டபத்துக்குக் கொண்டுசென்றதை ஓர் இழப்பாக மட்டும் எண்ணுவோர் இந்தப் பகுதியை மறந்துவிடுகிறார்கள். மண்டபத்தில் பணம் கொடுத்தோ கொடுக்காமலோ வந்தவர் எந்தக் கதிரையிலும் அமரலாம். அது சிறிய காரியம் அன்று.

மண்டபத்துக்குப் போன கூத்து

1956 நவம்பரில் கொழும்பில் எதிரிவீர சரச்சந்திராவின் 'மனமே' மேடையேறியது. தமிழ்க் கூத்தோடு உறவுடைய நாடகம் என்ற சிங்கள மரபிலிருந்து அவர் ஒரு புதிய நாடக வடிவத்தைச் சமைத்தார். சிங்களக் கற்றோர் உலகம் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அதைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருந்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். நம்மிடம் மூலமே இருக்கிறதே, அதைப் படித்தவர்கள் நாட்டுப்புறத்தான் ஆட்டம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்களே என்ற ஆதங்கம் அவருக்கு ஏற்பட்டதில் வியப்பில்லை.

அவர் செய்தது மூன்று காரியங்கள். கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைவராக இருந்து ஊர்களில் கூத்துகளைப் பார்த்தார், போட்டிகள் நடத்தினார், அண்ணாவிமாரைக் கௌரவித்தார். 'அலங்கார ரூபன்' போன்ற கூத்துகளை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். மூன்றாவதாக, பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு கூத்து ஆடுவித்தார். 1962இல் 'கர்ணன் போர்'. அதைப் பழக்கியவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத ஒரு கிராமத்து ஆசானின் மத்தளத்துக்கு முன் பேராதனை மாணவர்கள் கால் பழகினார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். அறுபதுகளின் நடுவே 'இராவணேசன்' வந்தது. அதில் இராவணனாக ஆடிய மாணவர்தான் பின்னாளில் பேராசிரியரான மௌனகுரு.

விடியவிடிய ஆடிய கூத்து, ஓரிரு மணிநேரத்துக்குச் சுருக்கப்பட்டது. வட்டக்களரி, ஒரு பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடையாயிற்று. பாடல்களின் திரும்பத்திரும்ப வரும் பகுதிகள் குறைந்தன. பாத்திரத்தின் மனப்போராட்டம் முன்னுக்கு வந்தது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் படித்தவர்கள் முதன்முறையாகக் கூத்தைக் கலை என்று ஒப்புக்கொண்டார்கள். வித்தியானந்தன் அவர்கள் இல்லையென்றால் இன்று பல்கலைக்கழகத்தில் கூத்து ஒரு பாடமாகியிருக்காது. அந்த நன்றியை யாரும் மறக்கக் கூடாது.

ஆயினும் ஒன்று நடந்தது. சட்டம் கொடுத்ததும், சதங்கை அணிந்ததும், கிழமைக் கூத்தும் பல்கலைக்கழக வளாகத்துக்குள் நடந்தன. அரங்கேற்றத்துக்கு மட்டும் சனம் அழைக்கப்பட்டது. அவை உண்டாகும் அந்த நீண்ட காலம் மக்கள் கண்ணிலிருந்து மறைந்தது. அதன் இடத்தை நிரப்ப ஓர் அச்சுத்தாள் தேவைப்பட்டது. அந்த அச்சுத்தாளின் வாரிசுதான் இன்று என் கைத்தொலைபேசிக்கு வருவது.

இதே காலத்தில் எங்கள் கரையில் வேறோர் அவையும் உருவாகிக்கொண்டிருந்தது. கல்முனைப் பக்கத்தில் பெரியநீலாவணையைச் சேர்ந்த கவிஞர் நீலாவணன், எழுத்தாளர்களை ஒன்றுகூட்டினார். கவியரங்குகளில் கவிதை படித்தார். பா நாடகம் எழுதினார். அவருடைய வட்டத்தில் வளர்ந்த இளையவர்களுள் ஒருவர் கல்முனைக்குடியைச் சேர்ந்த எம். ஏ. நுஃமான். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மேடையில் கவிதை படித்தது அன்று ஒரு செய்தியாகவே கருதப்படவில்லை. அது இயல்பாக இருந்தது. களிகம்பும் பக்கீர்மாரின் றபான் பாட்டும் நாட்டார் கவிகளும் அக்கரைப்பற்றிலிருந்து ஏறாவூர் வரை இரு சமூகத்தாரின் காதிலும் விழுந்தவை. நீலாவணன் 1975இல் மறைந்தார். உழவர் வாழ்வைப் பாடும் அவருடைய 'வேளாண்மை' காவியம் 1982இல் நூலாயிற்று.

அடிகளார் காட்டிய வழி

அரங்கேற்றம் என்ற சொல்லைப் பேசும்போது காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரை நினையாமல் இருக்க முடியாது. பதினான்கு ஆண்டுக்காலம் உழைத்து எழுதிய 'யாழ் நூல்' 1947 ஜூன் 5, 6ஆம் தேதிகளில் தமிழகத்தின் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதை வெளியிட்டது. அவர் நூலைப் பிரித்து வாசித்ததோடு நிறுத்தவில்லை. தம் கணக்கின்படி செய்வித்த யாழ் வகைகளைச் சபைக்குக் கொண்டுவந்தார், க. பொ. சிவானந்தம்பிள்ளை அவற்றை இசைத்துக் காட்டினார். எண்களாக இருந்த ஆராய்ச்சி அங்கிருந்தோரின் செவிக்குள் ஒலியாகப் புகுந்தது. ஆறு வாரங்களில், ஜூலை 19ஆம் தேதி, அடிகளார் காலமானார். கல்லடி உப்போடையில், தாம் 1929இல் திறந்த சிவானந்த வித்தியாலய வளவில் அவருடைய சமாதி இருக்கிறது.

1982இல் அதே கல்லடியில் அவர் பெயரால் இசை நடனக் கல்லூரி ஒன்று தொடங்கப்பட்டது. பின்னர் அது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமாக வளர்ந்தது. அங்கே இன்று பெண்கள் கூத்தாடுகிறார்கள், மத்தளம் அடிக்கிறார்கள். நெல்லுக் குத்தும்போது மட்டும் பாட முடிந்தவர்களின் பேத்திகள் அவர்கள். களரி தராததை நிறுவகம் தந்தது.

இரவு பறிபோன காலம்

இத்தனைக்கும் நடுவில் வந்தது போர். அதைப் பற்றி எழுதும்போது பொதுவாகக் கட்டடங்களையும் உயிர்களையும் எண்ணுவோம். கலை வரலாற்றில் எண்ணவேண்டிய இன்னொன்று உண்டு. அது இரவு. விடியவிடிய நடக்கும் கலைக்கு இரவு வேண்டும். ஊரடங்குச் சட்டமும் சுற்றிவளைப்பும் இரவை எடுத்துக்கொண்டன. மத்தளச் சத்தம் கேட்டால் சனம் கூடும் என்பது போய், எந்தச் சத்தம் கேட்டாலும் விளக்கை அணை என்றாயிற்று. படுவான்கரை ஒரு தரப்பின் கையிலும் எழுவான்கரை மறுதரப்பின் கையிலுமாக, 2007 வரை வாவி ஓர் எல்லைக்கோடாகக் கிடந்தது. பாதையில் ஏறுவதற்கே காரணம் சொல்லவேண்டியிருந்த நாள்களில் அக்கரைக் கூத்தைப் பார்க்க யார் போவார்?

1990ஆம் ஆண்டைத் தாண்டி எங்கள் மாவட்டத்தின் எந்த வரலாறும் போக முடியாது. அவ்வாண்டு ஜூலை 12ஆம் தேதி கல்முனை வீதியால் காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம்கள், ஹஜ் கடமையை முடித்து வந்தவர்களும் அவர்களுள் இருந்தனர், என் ஊரான குருக்கள்மடத்தில் விடுதலைப் புலிகளால் வழிமறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களின் உடல்களைத் தோண்டியெடுத்து மார்க்க முறைப்படி அடக்கம் செய்யவேண்டும் என்ற உறவினரின் கோரிக்கை நீதிமன்றம் வரை சென்றது. ஓகஸ்ட் 3ஆம் தேதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டார்கள். செப்டெம்பர் 5ஆம் தேதி வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்களில் 158 பேரை இராணுவத்தினர் கொண்டுசென்றனர், அவர்கள் திரும்பவில்லை. செல்லையா அண்ணாவியாரின் ஊர் அது.

கலைக்கட்டுரையில் இவற்றுக்கு என்ன இடம் என்று சிலர் கேட்கலாம். நேரடியான இடம் உண்டு. ஓர் அவை என்பது ஒருவரையொருவர் நம்பி இருட்டில் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருப்பவர்களின் கூட்டம். அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் எத்தனை நல்ல பாடகர் வந்தாலும் வருவோர் தனித்தனி மனிதராகவே வந்து போவர். ஒரே மேடையில் கவிதை படித்த இரு சமூகங்களுக்கு இடையே 1990க்குப் பிறகு அந்த இருட்டில் அமரும் துணிவு போய்விட்டது. 'அனைவரும் வருக' என்ற வரியை நான்கு வரிக் குறிப்புக்குள் சுருக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தியது இதுதான்.

சீலாமுனையிலிருந்து ஒரு பாடம்

போர் முடியும் முன்பே, இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், மட்டக்களப்பு நகருக்கு அண்மையிலுள்ள சீலாமுனை என்ற ஊரில் ஒரு முயற்சி நடந்தது. கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கலாநிதி சி. ஜெயசங்கரும் அவருடன் இயங்கியவர்களும் அவ்வூர்க் கூத்தரோடு சேர்ந்து செய்த அதற்குக் கூத்து மீளுருவாக்கம் என்று பெயர். கூத்தை ஊரிலிருந்து மேடைக்கு எடுக்காமல், ஊரிலேயே, அவ்வூர் அண்ணாவியாரோடும் கூத்தரோடும் இருந்து, அதன் கதையில் உள்ள சாதி, பால் சார்ந்த கருத்துகளைக் கூடிப் பேசி மாற்றி, மீண்டும் களரியில் ஆடுவது அதன் நோக்கம். வித்தியானந்தன், மௌனகுரு வழிக்கும் இதற்கும் இடையே அறிஞர்களிடம் காரசாரமான விவாதம் நடந்திருக்கிறது. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் புலமையாளன் அல்லன்.

ஒரு பத்திரிகைக்காரனுக்குப் புலப்படுவது இது. மேடை வழி, கூத்தை அதன் ஊருக்கு வெளியே மதிக்கச் செய்தது; பெண்ணுக்கும் பிறருக்கும் இடம் கொடுத்தது. களரி வழி, அவையை உண்டாக்கும் அந்த நீண்ட காலத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. பழைய களரியின் அநீதியையும் ஊரே பேசித் தீர்க்கட்டும் என்றது. ஒன்றுக்கொன்று பகையானவை அல்ல இவை. மண்டபம் தந்த சமத்துவத்தையும் களரி தந்த காலத்தையும் சேர்த்துவைப்பதே நம் தலைமுறை செய்யவேண்டிய வேலை.

அதை எப்படிச் செய்வது? பெரிய திட்டம் தேவையில்லை. நகர மண்டபத்தில் ஒரு கூத்தோ இசைக்கச்சேரியோ கவிதை நிகழ்வோ ஏற்பாடு செய்வோர், அரங்கேற்ற நாளுக்கு ஒரு கிழமை முன்பு அழைப்பு அனுப்புவதற்குப் பதில், மூன்று மாதம் முன்பே ஒத்திகையைத் திறந்து வைக்கலாம். ஒரு ஒத்திகை அம்பிளாந்துறையில், ஒன்று காத்தான்குடியில், ஒன்று குருக்கள்மடத்தில். மண்முனைப் பாலம் 2014இல் திறந்தபின் கரை கடப்பது முன்போல் கடினமன்று. ஒத்திகையில் பிழை விடுவதைச் சனம் பார்க்கட்டும். பிழையைப் பார்த்தவன்தான் அது திருந்தியதைப் பார்க்க வருவான். காத்தான்குடியில் கவிதை கேட்க விரும்புபவன், தன் ஊர்க் கவிஞன் படிக்கும் ஒத்திகையில் இருந்துவிட்டால் நகருக்கும் வருவான். குருக்கள்மடத்தில் அத்தகையதோர் இரவு நடக்குமானால், வழிமறிக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லி, அவர்கள் விரும்பினால் மட்டும், அவர்களின் குரலோடு தொடங்கவேண்டும். அந்தக் கடனைத் தாண்டிக்கொண்டு எங்கள் ஊர் எந்தக் கலைவிழாவையும் நடத்த முடியாது என்பது என் எண்ணம்.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் மண்டபம் எடுத்து விழா நடத்தும் அன்பர்களுக்கும் இது பொருந்தும். அங்கே கூத்து பத்து நிமிடம். பொன்னாடை அரை மணிநேரம். பிள்ளைகள் கூத்துப் பழகும் சனிக்கிழமை வகுப்பின் கதவைப் பெற்றோருக்கு அப்பாலும் திறந்துவிடுங்கள். சட்டம் கொடுக்கும் நாளை ஒரு விழாவாக்குங்கள். பாட்டன் பாட்டிமார் கிழமைக் கூத்துக்கு வந்து பிழை பிடிக்கட்டும். பிழை பிடிக்க ஆளிருக்கும் வரை அந்தக் கலை உயிரோடிருக்கும்.

சனங்களுக்கு ஈடுபாடு குறைந்துவிட்டது என்ற முடிவை நான் ஏற்காததன் காரணம் இதுவே. வாவியின் இரு கரைகளிலும் மக்கள் அழைப்பிதழ் பார்த்துக் கூடியவர்கள் அல்லர். தம் கண்ணெதிரே, தம் பிள்ளைகளின் காலிலும் குரலிலும் ஒன்று உருவாவதைப் பல மாதம் பார்த்தவர்கள். அது முழுமையாவதைப் பார்க்க வந்தார்கள். அந்தப் பல மாதத்தை நாம் கதவுக்குப் பின்னால் பூட்டிவிட்டு, வராதவர்களைக் குறை சொல்கிறோம்.

அடுத்து என் கைக்கு வரும் அறிவித்தலில் அரங்கேற்ற நாளோடு கிழமைக் கூத்து நடக்கும் நாள்களும் ஊர்களும் குறிக்கப்பட்டிருந்தால், அதை நான்கு வரிக்குள் சுருக்க எனக்கு மனம் வராது. பிரதம அதிதியின் பெயரை வெட்டிவிட்டு, அந்த ஊர்ப் பெயர்கள் அத்தனையையும் போட்டுவிடுவேன்.